வலி போன பல்லும் போகாத கிருமியும்

இரவு எட்டு மணிக்கு மேல் கொழும்பு கொட்டாஞ்சேனையில் ஒரு பாமசி வாசலில் சற்று நேரம் நின்று பாருங்கள். கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு யாராவது ஒருவர் வருவார். "அண்ணே, பல்லுக்கு ஒரு கோர்ஸ் தாங்க" என்பார். கையில் மருந்துச் சீட்டு இருக்காது. பல் டொக்டரிடம் வாயைத் திறந்து காட்டியும் இருக்க மாட்டார். அமொக்ஸிசிலினோ மெட்ரோனிடசோலோ வாங்கிப் போய் விழுங்குவார். மூன்றாம் நாள் வலி அடங்கும். குளிசை கேட்டுவிட்டது என்று எண்ணி, அந்தப் பல்லை மறந்துவிடுவார்.

பல தடவை அந்த ஓய்வுக்குக் காரணம் குளிசை அல்ல. பல்லுக்குள் இருந்த உயிருள்ள சதை செத்துப் போயிருக்கும். செத்த சதைக்கு வலி தெரியாது, அவ்வளவுதான். ரூட் கனால், நரம்பு எடுக்கிறது, நேர்வ் ஃபில்லிங் என்று பல பெயரில் நம் ஆட்கள் சொல்லும் சிகிச்சையைப் புரிந்துகொள்ள இந்த இடத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். ஏனென்றால் இந்தச் சிகிச்சையில் நோயாளி ஏமாறுவது வலி இருக்கும்போதல்ல, வலி நிற்கும்போது. அதுவும் ஒரு தடவை அல்ல.

பல்லின் வெளிப்பக்கம் எனாமல், உடம்பிலேயே மிகக் கடினமான பொருள். அதற்கு உள்ளே சற்று மென்மையான டென்டைன். நடுவில் ஒரு குழி, அங்கிருந்து வேர்களுக்குள் இறங்கும் மெல்லிய கால்வாய்கள். குழியையும் கால்வாய்களையும் நிரப்பிக்கொண்டு இரத்தக் குழாய்களும் நரம்பும் கொண்ட சதை இருக்கிறது. இதுதான் பற்கூழ், நாம் பொதுவாக "நரம்பு" என்று சொல்வது. அதற்கு இரத்தம் வரும் வழி வேரின் நுனியில் உள்ள துவாரம் மட்டுமே. அதன் அகலம் பெரும்பாலும் அரை மில்லிமீற்றரைத் தாண்டாது.

சூத்தை எனாமலைத் துளைத்து டென்டைனுக்குள் போனதும் பற்கூழ் அழற்சி கொள்கிறது. விரலில் முள் ஏறினால் விரல் வீங்கும், வீங்க இடமும் உண்டு. பற்கூழுக்கு அந்த வசதி இல்லை. நாலாபக்கமும் கல் போன்ற சுவர். வீக்கத்தின் அழுத்தம் முழுவதும் நரம்பின் மேலேயே இறங்குகிறது. படுத்தால் தலைப்பக்கம் இரத்த அழுத்தம் கூடுவதால் வலியும் கூடும். பல்லுக்கொதி பகலில் பேசாமல் இருந்துவிட்டு நடுச்சாமத்தில் ஆளை எழுப்பி உட்காரவைப்பதற்கு இது ஒரு காரணம்.

பல்லைக் கழற்றாமலே நிலைமையை ஓரளவு ஊகிக்கலாம். குளிர்ந்த தண்ணீர் பட்டதும் சுள்ளென்று இழுத்து, தண்ணீர் போனதும் சில விநாடிகளில் வலியும் போய்விட்டால், பற்கூழ் இன்னும் தேறக்கூடியது. சூத்தையைச் சுரண்டி அடைத்தாலே பெரும்பாலும் போதும். இந்தக் கட்டத்தில் வருகிறவர்கள் மிகக் குறைவு என்பதுதான் துயரம். தண்ணீர் போன பின்பும் வலி நிமிடக்கணக்கில் நின்று குத்தினாலோ, எதுவும் படாமலே தானாக வலித்தாலோ, தூக்கத்தைக் கெடுத்தாலோ, பற்கூழ் தேறும் கட்டத்தைத் தாண்டிவிட்டது என்று கொள்ளலாம். சிலருக்குச் சூடான பிளேன்டீ உயிரை வாங்கும், ஐஸ் தண்ணீர் மட்டும் ஆறுதல் தரும். தண்ணீர்ப் போத்தலும் கையுமாகக் கிளினிக்குக்கு வந்து, நிமிடத்துக்கு ஒரு மிடறு குடித்தபடி கதிரையில் இருப்பார்கள். அந்தக் காட்சியைப் பார்த்த உடனேயே பல் வைத்தியருக்கு விசயம் விளங்கிவிடும்.

அதன் பிறகு ஒருநாள் அமைதி வரும். பற்கூழ் செத்த நாள் அது.

செத்த சதை கிருமிகளுக்கு உணவு. கால்வாய்க்குள் இரத்த ஓட்டம் நின்றுவிட்டதால் உடம்பின் வெள்ளை அணுக்கள் அங்கே போக முடியாது. விழுங்கிய அன்டிபயோட்டிக்கும் இரத்தத்தோடுதான் பயணம் செய்கிறது, அதுவும் போகாது. பத்து நாள் கோர்ஸ் எடுத்தாலும் கால்வாய்க்குள் இருக்கும் கிருமிக்கு அந்தச் செய்தியே எட்டாது. வேர் நுனித் துவாரத்தால் கிருமியும் அதன் நச்சும் வெளியே கசிகின்றன. சுற்றியுள்ள தாடை எலும்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிறது. எக்ஸ்ரேயில் வேர் நுனியில் கறுப்பாக ஒரு வட்டம் தெரிவது இதனால்தான். மாதக்கணக்கில், சில வேளை வருடக்கணக்கில் ஒன்றும் தெரியாது. பிறகு ஒருநாள் கடித்தால் வலிக்கும், பல் சற்று உயர்ந்து நிற்பதுபோல் இருக்கும், முரசில் ஒரு சிறு கொப்புளம் வந்து சீழ் வடிந்து மறைந்து மறுபடி வரும்.

கிருமிதான் இதற்கெல்லாம் மூலம் என்பதை மிகத் தெளிவாகக் காட்டிய ஆய்வு 1965இல் அமெரிக்காவில் வெளிவந்தது. ககேஹாஷி, ஸ்டான்லி, ஃபிட்ஸ்ஜெரல்ட் என்ற மூவர் எலிகளின் பல்லைத் துளைத்து, பற்கூழைத் திறந்தபடியே விட்டார்கள். சாதாரண எலிகளுக்குப் பற்கூழ் அழுகி, வேர் நுனியில் சீழ்க்கட்டி வந்தது. கிருமியே இல்லாத சூழலில் பிறந்து வளர்ந்த எலிகளுக்கோ, உணவுத் துணுக்குகள் குழிக்குள் அடைந்து கிடந்தும் பற்கூழ் சாகவில்லை. திறந்த இடத்தை மூடப் புதிய டென்டைன் வளர்ந்தது. ரூட் கனால் சிகிச்சையின் முழுத் தர்க்கமும் இந்த எலிகளிடம் இருக்கிறது. நரம்பை எடுப்பது வெளித்தோற்றம். உள்ளே நடப்பது கிருமியை வெளியேற்றி, திரும்ப வராமல் அடைக்கிற வேலை.

டொக்டரிடம் போகும்வரை வலியை எப்படித் தாங்குவது? வயிற்றுப்புண், சிறுநீரக நோய், ஆஸ்துமா, கர்ப்பம் எதுவும் இல்லாத வளர்ந்தவருக்கு பனடோலும் ஐபூபுரூஃபனும் சேர்த்து எடுப்பது இந்த வலிக்கு நன்றாகவே கேட்கும். 500 மில்லிகிராம் பனடோல் ஒரு நாளுக்கு எட்டுக் குளிசையைத் தாண்டக் கூடாது. ஆனால் கொழும்பில் ஓர் எச்சரிக்கை கட்டாயம் வேண்டும். காய்ச்சலும் இருந்தால் ஐபூபுரூஃபன், டைக்ளோஃபெனாக், அஸ்பிரின் பக்கமே போகக் கூடாது. அது பல்லால் வந்த காய்ச்சலா டெங்குவா என்று வீட்டில் இருந்துகொண்டு சொல்ல முடியாது. டெங்குவாக இருந்தால் இந்த மருந்துகள் இரத்தக் கசிவைக் கூட்டும்.

கராம்பு எண்ணெய் பற்றிக் கேட்பவர்களுக்கு: அது வெறும் நம்பிக்கை அல்ல. அதிலுள்ள யூஜெனோல் நரம்பை உண்மையிலேயே மரக்கச் செய்கிறது. பல் வைத்தியர்கள் வைக்கும் தற்காலிக அடைப்புகள் சிலவற்றிலும் அதே யூஜெனோல் உண்டு. பஞ்சில் ஒரு சொட்டு எடுத்துப் பல் குழியில் மட்டும் வைக்கலாம், முரசில் பட்டுக் கிடந்தால் புண்ணாகும். அஸ்பிரினையோ டிஸ்பிரினையோ பல்லின் பக்கத்தில் அதக்கி வைப்பது அதைவிட மோசம், கன்னத்தின் உட்தோல் வெந்து வெள்ளையாகிவிடும். சித்தாலேப களிம்பைக் கன்னத்தில் பூசுவதால் தீங்கில்லை, கிருமிக்கும் தீங்கில்லை.

அன்டிபயோட்டிக் ஒருபோதும் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. முகம் வீங்கிக் காய்ச்சலும் இருந்தால் வைத்தியரே தருவார், ஆனால் சீழை வெளியேற்றுவதோடு சேர்த்துத் தருவார். அமெரிக்கப் பல் வைத்தியச் சங்கம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டலும் இதையே சொல்கிறது: வீக்கமும் காய்ச்சலும் இல்லாத வெறும் பல்வலிக்கு, உடனே பல் சிகிச்சை பெற வழியிருந்தால், அன்டிபயோட்டிக் வேண்டாம்.

வேறு சில அறிகுறிகள் இருந்தால் பல் கிளினிக் திறக்கும்வரை காத்திருக்கவே கூடாது. நாடிக்குக் கீழே இரு பக்கமும் கல்லுப்போல் வீக்கம், நாக்கு மேலே தள்ளப்படுதல், எச்சில் விழுங்க முடியாமை, வாய் திறக்க முடியாமை, மூச்சுத் திணறல், கண் மூடும் அளவுக்கு வீக்கம். 1836இல் ஜேர்மன் வைத்தியர் வில்ஹெல்ம் லுட்விக் விவரித்ததால் அவர் பெயரில் வழங்கும் இந்த நோய்நிலை, பெரும்பாலும் ஒரு கீழ்க்கடைவாய்ப் பல்லில்தான் தொடங்குகிறது. மூச்சுக்குழலை அடைத்து ஆளைக் கொல்லக்கூடியது. 1990ஐ அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் காசில்லாமல் வரும். தேசிய வைத்தியசாலை கொட்டாஞ்சேனையிலிருந்து தூரமில்லை.

சரி, கதிரையில் ஏறியாயிற்று. முதலில் ஓர் எக்ஸ்ரே. அதன் கதிர்வீச்சு, நாம் சும்மா இருந்தாலே சூழலிலிருந்து ஏறத்தாழ ஒரு நாளில் பெறும் அளவுதான். பிறகு விறைப்பூசி. ரூட் கனால் என்றாலே நடுங்குகிறவர்கள் உண்டு, ஆனால் அவர்கள் சொல்லும் வலிக் கதைகளில் பெரும்பகுதி சிகிச்சைக்கு முந்திய இரவின் வலி. ஆனாலும் ஒன்றை மறைக்கக் கூடாது. கடும் அழற்சி உள்ள கீழ்க்கடைவாய்ப் பல்லுக்கு முதல் ஊசி சில வேளை முழுதாகப் பிடிக்காது. அப்போது பல்லைக் கடித்துக்கொண்டு பொறுக்கத் தேவையில்லை. கையை உயர்த்துங்கள், இன்னொரு ஊசி போட வழி இருக்கிறது.

அடுத்து பல்லைச் சுற்றி ஒரு மெல்லிய இறப்பர் விரிப்பைக் கொழுவியோடு மாட்டுவார்கள். நியூயோர்க்கில் சான்ஃபோர்ட் பார்னம் என்ற பல் வைத்தியர் 1864இல் கண்டுபிடித்த உபாயம் இது. எச்சிலில் உள்ள கிருமி கால்வாய்க்குள் போகாமலும், சிறு கருவிகளும் கழுவும் திரவமும் தொண்டைக்குள் போகாமலும் அது தடுக்கிறது. நூற்றைம்பது வருடத்துக்கு மேல் பழைய, விலை குறைந்த இந்த விரிப்பை மாட்டாமலே வேலை செய்கிற இடங்கள் இன்றும் உண்டு. என்னைக் கேட்டால், ஒரு கிளினிக்கைத் தெரிவு செய்யும்போது குளிரூட்டியையும் தொலைக்காட்சியையும் பார்ப்பதைவிட, "ரூட் கனாலுக்கு இறப்பர் ஷீட் போடுவீர்களா?" என்று கேட்பது நல்லது.

பல்லின் மேலே ஒரு வாசல் திறந்து, கால்வாய்களைத் தேடுவார்கள். முன்பல்லில் பொதுவாக ஒன்று. கீழ்க்கடைவாய்ப் பல்லில் மூன்று அல்லது நான்கு. மேற்கடைவாயின் முதற் பல் மூன்று வேரைக் காட்டும், ஆனால் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு அதில் நான்காவதாக ஒரு நுண்ணிய கால்வாய் ஒளிந்திருக்கும். அதைக் காணாமல் விட்டால் கிருமி அங்கேயே குடியிருக்கும். ஒழுங்காகச் செய்ததுபோல் தெரியும் ரூட் கனால் பிறகு பழுதாவதற்கு இப்படித் தவறவிட்ட கால்வாய் ஒரு முக்கியக் காரணம்.

நுழைக்கும் ஊசி போன்ற அரத்தின் நுனி 0.06 மில்லிமீற்றரில் தொடங்கும். வேர் நுனிக்கு ஏறத்தாழ அரை முதல் ஒரு மில்லிமீற்றர் முன்னால் நிற்க வேண்டும். அந்த இடத்தைக் கண்டுபிடிக்க எக்ஸ்ரேயோடு ஒரு சிறு மின்கருவியும் உதவுகிறது. கால்வாய்க்குள் உள்ள அரத்துக்கும் உதட்டில் கொழுவிய கம்பிக்கும் இடையிலான மின்தடையை அது அளக்கும். இந்த வழியை 1962இல் ஜப்பானியரான சுனாடா நடைமுறைக்குக் கொண்டுவந்தார். கருவி இடைக்கிடை "பீப்" என்று கத்துவது அதனால்தான், பயப்பட ஒன்றுமில்லை. முன்பு உருக்கு அரம் மட்டுமே இருந்தது. 1988க்குப் பின் நிக்கல்-டைட்டானியம் கலவையில் வளைந்து கொடுக்கும் அரங்கள் வந்ததால் வளைந்த வேர்களும் வசப்பட்டன.

அரம் சுரண்டுவது பாதி வேலைகூட இல்லை. கால்வாயின் கிளைகளுக்குள் எந்த அரமும் போகாது. அங்கே போவது திரவம், சோடியம் ஹைப்போகுளோரைட். துணி வெளுக்கப் பாவிக்கும் அதே இரசாயனம், அளந்த செறிவில். முதலாம் உலகப் போரில் சிப்பாய்களின் அழுகிய காயங்களைக் கழுவ, 1915இல் ஹென்றி டேக்கின் இதன் மெல்லிய கரைசலைப் பயன்படுத்தினார். செத்த சதையைக் கரைக்கவும் கிருமியைக் கொல்லவும் இதற்கு நிகரானது பல் வைத்தியத்தில் இன்னும் வரவில்லை. வாயில் குளோரின் வாசம் அடித்தால் வேலை நடக்கிறது என்று அர்த்தம்.

ஒரே அமர்வில் முடியாவிட்டால், கால்வாய்க்குள் கல்சியம் ஹைட்ரொக்சைட் பசையை வைத்து மேலே தற்காலிகமாக அடைத்து அனுப்புவார்கள். வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பும் இதே சேர்மம்தான். அதன் கடும் காரத்தன்மையில் பெரும்பாலான கிருமிகள் பிழைக்காது. இதை வாசித்துவிட்டு யாரும் சுண்ணாம்பை எடுத்துப் பல் ஓட்டைக்குள் வைத்துவிடாதீர்கள், முரசு வெந்துபோகும்.

இங்கேதான் இரண்டாவது ஏமாற்றம். முதல் அமர்விலேயே வலி போய்விடும். புறக்கோட்டையில் நாட்சம்பளத்துக்கு நிற்பவர் இன்னொரு நாள் லீவு கேட்க யோசிப்பார். தற்காலிக அடைப்பு சில வாரங்களுக்கு என்று வைத்தது, மாதக்கணக்கில் இருந்து ஓரங்களில் கசிந்து உடையும். சுத்தம் செய்த கால்வாய்க்குள் எச்சில் இறங்கும், கிருமி திரும்பக் குடியேறும். அடுத்த தடவை வரும்போது நிலைமை முன்பைவிடக் கஷ்டம். நோயாளியைத் திட்டுவதில் பயனில்லை. பிடுங்குவதற்கு ஒரு நாள், காப்பாற்றுவதற்குப் பல நாள் என்ற கணக்கில் ஏழையின் வாயில்தான் முதலில் பல் குறைகிறது. ஆகவே போகும் முதல் நாளே எத்தனை அமர்வு என்று கேட்டு, எல்லாத் திகதிகளையும் குறித்துக்கொள்வது நல்லது.

கடைசியில் கால்வாயை நிரப்புவது கட்டாபேர்ச்சா என்ற பொருளால். மலாயாக் காடுகளின் ஒரு மரப் பால். கடலடித் தந்திக் கம்பிகளைத் தண்ணீர் தீண்டாமல் பொதிந்துவைத்தது இதுதான். 1851இல் டோவருக்கும் கலேக்கும் இடையே போட்ட கம்பிக்கும் இதே உறைதான். 1860களிலிருந்து பல் வேருக்குள்ளும் இருக்கிறது. அது எதையும் குணப்படுத்துவதில்லை, கசிவை அடைக்கிறது. அதன்பின் இரண்டு மூன்று நாள் கடிக்கும்போது கூச்சமாக இருப்பது வழமை. வீக்கம் ஏறிக்கொண்டே போவது வழமை அல்ல.

மூன்றாவது ஏமாற்றம் இதற்குப் பிறகு. வலியும் இல்லை, ஓட்டையும் அடைத்தாயிற்று, பிறகு எதற்குப் பல்லை மூடும் உறையான கிரவுண் என்று கேட்பார்கள். கடைவாய்ப் பல் ஏற்கனவே சூத்தையால் பாதி போனது, வாசல் திறந்ததில் இன்னும் கொஞ்சம் போனது. எலும்பு கடித்தாலோ முறுக்குக் கடித்தாலோ நடுவால் பிளக்கும். வேர்வரை பிளந்த பல்லை யாராலும் காப்பாற்ற முடியாது. அக்குவிலினோவும் கப்லானும் 2002இல் வெளியிட்ட ஆய்வில், கிரவுண் போடாத பற்கள் போட்டவற்றைவிட ஆறு மடங்கு வேகத்தில் இழக்கப்பட்டன. முன்பல்லுக்குப் பல வேளை சாதாரண அடைப்பே போதும். ஆனால் கடைவாய்ப் பல்லுக்குக் கிரவுணையும் சேர்த்துத்தான் செலவுக் கணக்குப் போட வேண்டும். தனியார் கிளினிக்கில் சொல்லும் தொகை ரூட் கனாலுக்கு மட்டுமா, கிரவுணும் உள்ளடங்குமா என்று ஆரம்பத்திலேயே கேளுங்கள். வைத்தியர் இலங்கை மருத்துவச் சபையில் பதிவு செய்தவரா என்றும் பாருங்கள். பதிவில்லாமல் பல் கட்டுகிறவர்கள் நம் நகரத்துக்குப் புதியவர்கள் அல்லர்.

காசு இல்லை என்பவர்களுக்கு வார்ட் பிளேஸில் தேசிய பல் போதனா வைத்தியசாலை இருக்கிறது. அரச வைத்தியசாலை, சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை. காத்திருக்க வேண்டும், சிக்கலான கடைவாய்ப் பல்லென்றால் கூடவே காத்திருக்க வேண்டும். ஆனால் வலியை அடக்குகிற முதல் வேலைக்கு அவ்வளவு காத்திருக்கத் தேவையிராது.

எல்லாப் பல்லையும் காப்பாற்ற நினைப்பதும் பிழை. வேர் பிளந்தது, முரசுக்கு மேலே கட்டிப் பிடிக்க எதுவும் மிஞ்சாதது, எலும்புப் பிடிப்பு இழந்து ஆடுவது, கடிக்க உதவாத ஞானப்பல் ஆகியவற்றைப் பிடுங்குவதே நேர்மையான வைத்தியம். மறுபக்கம், பிடுங்குவதே ஆபத்தான சிலர் இருக்கிறார்கள். மகரகம அபேக்ஷா புற்றுநோய் வைத்தியசாலையில் வாய், தொண்டைப் புற்றுநோய்க்குத் தாடையில் கதிர்ச்சிகிச்சை பெற்றவர்களுக்குப் பல் பிடுங்கிய இடத்து எலும்பு ஆறாமல் உக்கிப்போகலாம். இலங்கை ஆண்களிடம் வாய்ப் புற்றுநோயே முதலிடத்தில் இருப்பதால் இது அரிதான விசயமல்ல. இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின், குளோபிடோகிரெல் எடுப்பவர்களுக்கும் பிடுங்குவதைவிட ரூட் கனாலே பெரும்பாலும் நல்லது. மாத்திரையைத் தாங்களாகவே நிறுத்திவிட்டுப் போகக் கூடாது. இருதய வால்வு மாற்றியவர்களும் சீனி வியாதிக்காரரும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

பிள்ளைகள் உள்ள வீடுகளுக்கு ஒரு வார்த்தை. ஆறு வயதளவில் பாற்பற்களுக்குப் பின்னால் எதுவும் விழாமலே ஒரு கடைவாய்ப் பல் முளைக்கும். பாற்பல் என்று நினைத்து, விழுந்து முளைக்கும்தானே என்று அம்மாமார் விட்டுவிடுவார்கள். அது நிரந்தரப் பல். அதைச் சூத்தைக்குக் கொடுத்தால், பத்து வயதில் ரூட் கனால் கதிரையில் உட்கார வேண்டிவரும்.

வாட்ஸ்அப்பில் சுற்றும் "ரூட் கனால் செய்த பல்லால் புற்றுநோய் வரும்" என்ற செய்திக்கு நூறு வருட வயது. 1910இல் மொன்றியல் மக்கில் பல்கலைக்கழகத்தில் வில்லியம் ஹன்டர் என்ற பிரித்தானிய வைத்தியர் வாய்க் கிருமிகளைக் குற்றம்சாட்டிப் பேசிய பேச்சும், பின்னர் வெஸ்டன் பிரைஸ் என்ற பல் வைத்தியர் செய்த சோதனைகளும் கிளப்பிய பயத்தில் நல்ல பற்கள் எண்ணற்றவை பிடுங்கப்பட்டன. கட்டுப்பாடாகச் செய்த பிற்கால ஆய்வுகளில் பிரைஸின் முடிவுகள் நிற்கவில்லை. கணக்கு எப்படி இருக்கிறது என்றால், அமெரிக்கக் காப்புறுதிப் பதிவுகளில் 14 இலட்சத்துக்கு மேற்பட்ட ரூட் கனால் பற்களை எட்டு வருடம் பின்தொடர்ந்து 2004இல் வெளியான ஆய்வில், 97 வீதமானவை வாயிலேயே இருந்தன. எல்லாம் பூரணமாக ஆறின என்பது இதற்குப் பொருளல்ல. ஆறாதவற்றைத் திறந்து மறுபடி சுத்தம் செய்யலாம், அல்லது முரசைக் கீறி வேர் நுனியை வெட்டி எடுக்கலாம்.

ஆறியதா என்று நாக்கால் தடவிப் பார்த்து அறிய முடியாது. ஒரு வருடம் கழித்து இன்னொரு எக்ஸ்ரே எடுக்க வேண்டும். வேர் நுனியிலிருந்த கறுப்பு வட்டம் சுருங்கியிருந்தால் எலும்பு திரும்ப வளர்கிறது. பெரிய வட்டமாக இருந்தால் முழுதாக மறைய நான்கு வருடம்வரை ஆகலாம். அதுவரை வருடத்துக்கு ஒரு தடவை, வலி ஒன்றும் இல்லாவிட்டாலும், போய்க் காட்ட வேண்டும்.